காலுக்குக் கீழே ஒரு சிரட்டை

மட்டக்களப்பு என்று வாயெடுத்தவுடன் பாடும் மீனைப் பற்றிக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாவிக்கரையில் பிறந்து, வாவித் தண்ணீரில் கால் கழுவி வளர்ந்தவள் நான். மீன் பாடியதை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொல்கிற எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் பொய் சொல்கிறார்கள், மீதிப்பேர் அடுத்தவர் சொன்ன பொய்யைச் சொல்கிறார்கள். நான் கேட்டது என் அண்ணனுடைய பிடிலைத்தான். அது பாடிய காலமும் எனக்குத் தெரியும், அது வாயை மூடிய காலமும் எனக்குத் தெரியும்.

என்னோடு சேர்ந்து பல் விழுந்தவர்களே, உங்களில் சிலபேர் எங்கள் பக்கத்துக் கலியாணங்களுக்கு வந்திருப்பீர்கள். பறங்கி வீட்டுக் கலியாணம் என்றால் கூப்பிடாமலே வேலிக்கு வெளியே வந்து நிற்பீர்களே, மறந்துவிட்டதா? எங்கள் பெயர் போர்த்துக்கேயப் பெயர், எங்கள் வாய் தமிழ் வாய். ஆண்கள் தச்சு வேலை, கொல்லு வேலை செய்வார்கள். பெண்கள் கவுண் போட்டுக்கொண்டு புட்டு அவிப்பார்கள். கலியாணம் வந்தால் எல்லோருமே ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்குக் கபரிஞ்ஞா என்று பெயர். பிடில் இல்லாமல் அது இல்லை.

எங்கள் பப்பா பட்டறை வைத்திருந்தார். வவுணதீவுப் பக்கத்து வெள்ளாண்மைக்காரர்கள் தோணியில் வாவியைக் கடந்து வந்து கத்தி, மண்வெட்டி, வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் எல்லாம் அவரிடம்தான் அடிப்பித்துக்கொண்டு போவார்கள். பகலில் சம்மட்டி பிடிக்கிற அதே கையால் கலியாண வீட்டில் பிடில் வாசிப்பார். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். பிடில்காரனின் கிளாஸ் காலியாக இருக்கக்கூடாது. இருந்தால் அது கலியாண வீட்டுக்கே அவமானம். ஒருவர் ஊற்றிவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார். பப்பா யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன். வயிறு வீங்கிச் செத்தார்.

அவருக்குப் பிறகு பட்டறையும் பிடிலும் அண்ணனுக்கு வந்தன. அண்ணனுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. நான் சின்னப் பிள்ளை, அவனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மம்மா, அண்ணன், நான்.

அந்தப் பிடிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிடிலின் நடுவில் தந்திகளைத் தாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பலகைத் துண்டு நிற்கும். அதற்குக் குதிரை என்று பெயர். எங்கள் பிடிலின் குதிரையைப் பப்பா முதிரை மரத்தில் தன் கையாலேயே சீவியிருந்தார். மேல்விளிம்பு தட்டை, உயரமும் குறைவு. அதனால் வில்லை வைத்தால் ஒரு தந்தியில் மட்டும் விழாது, பக்கத்துத் தந்தியையும் சேர்த்துக்கொண்டுதான் விழும். ஒரு தந்தி பாட்டைச் சொல்லும், மற்றது பின்னால் நின்று ஊம்போட்டுக்கொண்டே இருக்கும். நாலு வீடு தள்ளிக் கேட்கும். நூறு பேர் கூச்சல் போடுகிற பந்தலில், ரபானா மேளத்துக்கு மேலால் கேட்க வேண்டுமே, வேறு எப்படி?

அண்ணன் பப்பாவைப் போலவே அதை நெஞ்சில் வைத்துத்தான் வாசிப்பான். தாடை சும்மா இருக்கும். ஏனென்றால் பிடில்காரனுக்கு வாயிலும் வேலை இருந்தது. ஆடுகிறவர்களைப் பார்த்து "மாறு!" என்று கத்த வேண்டும், சுற்றித் திரும்பச் சொல்லி "கிறுகு!" என்று கத்த வேண்டும், தடுமாறுகிற கிழவனைப் பகிடி பண்ண வேண்டும். வில்லை அடிக்கட்டையில் பிடிக்காமல் சற்று மேலே ஏற்றிப் பிடித்து, குட்டிக் குட்டி இழுப்பாக இழுப்பான். பிறகு அந்தக் கால். வலது குதிக்கால் தரையில் 'டொம்' என்று விழும். அந்தக் குதிக்கால் விழுந்தால்தான் எங்கள் ஆட்டத்தில் முதல் அடி. ரபானாக்காரனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்காகத்தான் காத்து நிற்பார்கள்.

வில்லுக்குப் பூசுகிற குங்கிலியப் பொடி உதிர்ந்து, பிடிலின் வயிற்றில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். பப்பா அதைத் துடைத்ததே இல்லை. அண்ணனும் துடைக்கவில்லை.

நான் ஆடுவேன். அதை இப்போது சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அண்ணன் ஒரு புதுப் பாட்டைப் பழகும்போது பட்டறை வாசலில் என்னை ஆடவிட்டுப் பார்ப்பான். என் கால் தடுக்கினால் பாட்டில் பிழை, தடுக்காவிட்டால் சரி. வேறு கணக்கு அவனிடம் இருக்கவில்லை.

ஒன்றை நான் இங்கே அடித்துச் சொல்ல வேண்டும். அண்ணன் குடிக்கமாட்டான். ஊற்றிய கிளாசை வாங்குவான், சிரிப்பான், தான் உட்கார்ந்திருக்கிற கதிரைக்குப் பின்னால் மணலில் கவிழ்த்துவிடுவான். நான் பக்கத்திலேயே இருப்பவள், என் கண்ணால் கண்டவள். ஆனால் மம்மா நம்பவில்லை. அவன் கலியாண வீட்டால் வந்து படலையைத் திறந்தவுடன் எழும்பிப் போய், "வாயக் காட்டு" என்பாள். அவன் குனிந்து காட்டுவான். மோந்து பார்ப்பாள். ஒன்றும் மணக்காது. ஒன்றும் மணக்காததே அவளுக்குப் பெரிய பயம்.

"இண்டைக்கு இல்ல. நாளைக்கு?" என்பாள்.

"நாளைக்கும் இல்ல மம்மா."

"உன்ட பப்பாவும் கலியாணம் முடிச்ச புதுசில இப்பிடித்தான் சொன்னவர்."

செத்தவர் செய்ததற்கு இருக்கிறவன் எப்படிச் சாட்சி சொல்வது? கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

ஒரு வருஷ நடுவில், கச்சான் காற்று தொடங்கிய நேரம், எங்கள் வேதக்கோயிலுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரிச் சுவாமி வந்தார். வயது போனவர் அல்ல. நல்ல மனுஷன், தமிழைக் கல்லுக் கல்லாகப் பொறுக்கிப் பேசுவார். அவரிடம் ஒரு வயலின் இருந்தது. பின்னேரங்களில், தான் தங்கியிருந்த மடத்து விறாந்தையில் நின்று வாசிப்பார். எங்கள் பிடிலும் அதுவும் ஒரே உருவம், ஆனால் அது வாசிக்கப்படும்போது ஒருவருக்கும் ஆட வராது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, செய்த பாவங்களை நினைப்பார்கள். மம்மாவுக்கு அது பிடித்துப்போனது.

ஒருநாள் ஒரு கலியாண வீட்டுக்கு மந்திரிக்க வந்த சுவாமி அண்ணன் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் பட்டறைக்கே வந்துவிட்டார். உலை அனலில் முகம் சிவக்க நின்றுகொண்டு மம்மாவிடம் சொன்னார்: "இவனுக்குக் கை இருக்கிறது. முறை இல்லை. முறை நான் தருவேன்."

கொழும்பில் கப்பல்காரர்கள் தங்குகிற ஒரு பெரிய ஹோட்டலில் வாத்தியக்கோஷ்டி ஒன்று இருக்கிறதாம். அதன் தலைவர், ஒரு கொழும்புப் பறங்கித் துரை, சுவாமிக்குத் தெரிந்தவர். மழைக்கு முன் மட்டக்களப்புக்கு வருவார். கோஷ்டிக்கு ஓர் ஆள் தேடுகிறார். அண்ணனை அவருக்குக் காட்டலாம் என்றார் சுவாமி.

"அங்க குடி இரிக்கா சாமி?" என்று கேட்டாள் மம்மா. அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"கோட்டு, டை போட்டு மேடையில் உட்கார்ந்து வாசிப்பார்கள் அம்மா. வாசிக்கிறவன் குடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்."

மம்மா கவுணின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தேன். அவனுக்கும் ஆசைதான். இதை யாரோ அவன் தலையில் கட்டிவைத்தார்கள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அன்று பின்னேரம் வாவிக்கரையில் கால் நனைத்துக்கொண்டு இருந்தபோது என்னிடம் சொன்னான்: "கொழும்புக்குப் போனா மம்மா என்ட வாய மோந்து பாக்கத் தேவல்லதானே தங்கச்சி. நிம்மதியாப் படுப்பா." அதற்காகத்தான் அவன் போக நினைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மம்மா பூசை முடிந்ததும் எங்களை மாதா சுரூபத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். மெழுகுதிரி கொளுத்தி, பப்பாவின் ஆத்துமத்தின் மேல் சத்தியம் பண்ணினாள். தன் மகன் இனிமேல் கலியாண ஆட்டத்துக்குப் பிடிலைத் தொடமாட்டான் என்று. அவன் வாயால் அல்ல, தன் வாயால். எங்கள் ஆட்களிடம் தாய் பண்ணின சத்தியம் பிள்ளையின் தலையில் நிற்கும். பிள்ளை மீறினால், பாவம் தீரும்வரை செத்தவர் வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவருக்கு நெருப்புக் கூடும். இதை எங்களுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டியிருந்தார்கள். அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். நானும் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை சுவாமி வீட்டுக்கு வந்து பிடிலைக் கழற்றினார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, முறுக்காணிகளைத் தளர்த்தி, தந்திகளை எடுத்தார். ஒரு திரவத்தைத் தொட்டுத் தொட்டு, வயிற்றில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்தார். உள்ளேயிருந்து சிவப்பு மரம் பளபளவென்று வந்தது. மம்மா "மாதாவே!" என்று கையைத் தட்டினாள். பிறகு சுவாமி தன் பையிலிருந்து சீமைக் குதிரை ஒன்றை எடுத்தார். வெளிர் மரம், பூ வெட்டு, உயரமானது. மேல்விளிம்பு வில்லாக வளைந்திருந்தது. இனி ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக நிற்கும், ஒன்றின் பேச்சில் மற்றது குறுக்கிடாது என்று விளக்கினார். தாடை வைக்க ஒரு கறுப்புக் கிண்ணமும் பூட்டினார்.

பப்பாவின் குதிரை மேசையில் கிடந்தது. அண்ணன் கையை நீட்டினான். மம்மா முந்திக்கொண்டாள்.

"என்னத்துக்கு இனி அது?" என்றவள், குசினிக்குப் போய் அடுப்பில் போட்டுவிட்டாள். புட்டுப்பானை அடுப்பில் இருந்தது. "முதிரக் கட்ட நல்லா எரியும்" என்று அங்கிருந்தே சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பப்பாவைக் கொன்றது சாராயம். மம்மா தண்டித்தது குதிரையை. எனக்கு இது விளங்க அரை ஆயுள் எடுத்தது, அவளுக்கு விளங்கியதா என்று கேட்காதீர்கள்.

பாடம் தொடங்கியது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மடத்து விறாந்தையில். கச்சான் காற்று சுட்டெரித்துக்கொண்டு வாவியைத் தாண்டி வரும், தந்தியின் சுருதி நொடிக்கொருதரம் இறங்கிப்போகும். நான் கூடப் போவேன். வாங்குப் பலகையில் இருந்து பார்ப்பேன். சுவாமி அண்ணனின் விரலை வில்லின் அடிக்கட்டைக்கு இறக்கினார். நுனியிலிருந்து அடிவரைக்கும் முழுவில்லாக இழு, நிறுத்தாதே என்றார். தந்தியை அழுத்தின விரலை மெல்ல நடுங்கவிடச் சொன்னார். அண்ணனின் விரல் சம்மட்டி பிடித்த விரல், நடுங்கச் சொன்னால் கை முழுக்க நடுங்கியது. சுவாமி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அண்ணன் விட்டுவிட்டு வந்திருப்பான் என்று சில நேரம் நினைக்கிறேன்.

தாடையில் வைத்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது. அதுதான் எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. பிடில் வாசிக்கிற அண்ணன் என்றால் சிரித்துக் கத்துகிற அண்ணன். இப்போது கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

"எப்பிடி இரிக்கி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா கதைக்க ஏலா" என்றான்.

கால்தான் சுவாமிக்குப் பெரிய தலையிடி. எதை வாசித்தாலும் அண்ணனின் குதிக்கால் தரையில் விழும். வேதப் பாட்டானாலும் 'டொம்'. சுவாமி சொல்லிப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு யோசனை கண்டுபிடித்தார். மடத்துக் குசினியிலிருந்து தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அதை அண்ணனின் உயர்த்திய குதிக்காலுக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்தார். வெறுங்கால். இறங்கினால் சிரட்டை உடையும், விளிம்பு குத்தும்.

முதல் கிழமை எத்தனை சிரட்டை உடைந்தது என்கிறீர்கள்! குதிக்காலில் கீறலும் இரத்தமுமாக நொண்டிக்கொண்டு வருவான். மம்மா மஞ்சள் பற்றுப் போடுவாள், "இன்னம் உடைக்கிறயாடா?" என்று திட்டிக்கொண்டே போடுவாள். உடையாத சிரட்டையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது அவள் கட்டளை. நாட்கள் போகப் போக உடைவது குறைந்தது. முழுச் சிரட்டையோடு நான் படலைக்குள் வந்த முதல் நாள் மம்மா இறால் வாங்கிக் குழம்பு வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். நான் அந்தச் சிரட்டையில் மண் அள்ளி விளையாடினேன்.

விளையாடி முடிந்ததும் அண்ணனிடம் ஓடிப்போய், "ஆடப் போறன், வாசி" என்றேன்.

"சுவாமி சொல்லித் தந்ததத்தான் வாசிக்கலாம்" என்றான்.

"அதையே வாசி."

வாசித்தான். சுத்தமாக இருந்தது, ஒரு தூசி இல்லை. நான் பட்டறை வாசலில் காலைத் தூக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. பிறகு வெட்கமாகிப்போய் ஓடிவிட்டேன். என் காலுக்குத்தான் முதலில் தெரிந்தது, ஆனால் சின்னப் பிள்ளையின் காலை யார் கேட்டார்கள்?

அந்தக் காலத்திலேயே எங்கள் தெருவில் ஒரு கலியாணம் வந்தது. பெண்ணின் தகப்பன் வந்து கெஞ்சினார். "பிடில் இல்லாம எப்பிடிக்கா? ஒரு பின்னேரம்தானே?" மம்மா படலையைத் திறக்கவே இல்லை. "என்ட புள்ள இப்ப வயலின்காரன். வேற ஆளப் பாருங்க" என்றாள். வந்தாறுமூலைப் பக்கத்திலிருந்து யாரையோ கொண்டுவந்து வாசிக்கவைத்தார்கள். வேலிக்கு மேலால் சத்தம் வந்தது. அண்ணன் சம்மட்டியை எடுத்து, ஒரு வேலையும் இல்லாத இரும்பைக் காய்ச்சி அடித்துக்கொண்டே இருந்தான்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன் கொழும்புத் துரை வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சப்பாத்து, கையில் தொப்பி. மடத்து மண்டபத்தில் கதிரை போட்டு இருந்தார். சுவாமி அவருக்குப் பக்கத்தில். நானும் மம்மாவும் பின்னால் வாங்கில். மம்மா தன் கலியாணத்துக் கவுணைப் பூச்சி உருண்டை மணக்க மணக்கப் போட்டிருந்தாள். செபமாலை கையில்.

அண்ணன் வாசித்தான். சிரட்டை இல்லாமலே கால் அசையவில்லை. ஒரு பிழையும் இல்லை. சுவாமியின் முகம் பூரித்துப்போயிருந்தது. துரை தலையை ஆட்டினார், பிறகு சுவாமியிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னார். சுவாமியின் பூரிப்புக் கொஞ்சம் இறங்கியது. திரும்பித் தமிழில் சொன்னார்:

"தம்பி, நல்லாயிருக்கிறது என்கிறார். இப்படி வாசிக்கக் கொழும்பில் ஆட்கள் உண்டாம். உங்கள் கலியாணங்களில் ஆட்டத்துக்கு வாசிப்பீர்களே, அதில் ஒன்று வாசிக்கச் சொல்கிறார்."

இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. அண்ணனின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாகக் காணாத சிரிப்பு. தாடையிலிருந்து பிடிலை எடுத்து நெஞ்சுக்கு இறக்கினான். விரல் வில்லில் மேலே ஏறியது. வலது குதிக்கால் தரையை விட்டு எழும்பியது. வாங்கில் இருந்த என் காலும் எழும்பியது.

அதற்குள் மம்மா எழும்பி நின்றுவிட்டாள்.

"ஐயோ துரை! அவன் அதெல்லாம் உட்டுட்டான் துரை! சத்தியமா உட்டுட்டான்! அவன்ட பப்பாட ஆத்துமத்துல சத்தியம் பண்ணியிரிக்கன். இப்ப அவனுக்கு அது வராது. கலியாண ஊட்டுப் பழக்கம் ஒண்டும் அவன்ட்ட இல்ல. குடி இல்ல, ஒண்டும் இல்ல. நீங்க கூட்டிட்டுப் போங்க துரை!"

அவள் என்ன நினைத்தாள் என்று உங்களுக்கு விளங்குகிறதா? துரை பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தாள். பழைய குணம் இன்னும் மகனிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கிறார் என்று நினைத்தாள். எங்கள் மனிதர்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கொழும்பிலிருந்து கோட்டுப் போட்டு வந்த துரைக்கு, சாராய வாடை அடிக்கிற எங்கள் ஆட்டப் பாட்டு வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

அண்ணன் மம்மாவைப் பார்த்தான். பிடில் நெஞ்சிலேயே இருந்தது. குதிக்கால் எழும்பியபடியே இருந்தது. மம்மா செபமாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பிடிலைத் திரும்பவும் தாடைக்கு ஏற்றினான். முதலில் வாசித்ததையே இன்னொருதரம் வாசித்தான்.

அந்த வளைந்த குதிரையில் எங்கள் பாட்டுச் சரியாக வந்திருக்குமா? தெரியாது. வில் இரண்டு தந்தியில் விழுந்திருக்காது, பாதிச் சத்தம்தான் வந்திருக்கும். ஆனால் கால் விழுந்திருக்கும். துரை அதைப் பார்த்திருப்பார். சுவாமிக்கு இரண்டு பாஷையும் தெரியும், இது பரீட்சை இல்லை என்று மம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் பாடம் தோற்கக்கூடாது என்று நினைத்தாரோ, தாயின் சத்தியத்துக்குக் குறுக்கே போகக்கூடாது என்று நினைத்தாரோ, அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. "பரீட்ச பாத்தான் பாத்தயா புள்ள அந்தத் துரை! கள்ளன்! என்ட புள்ளயா ஏமாறுவான்?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அண்ணனின் பயணப் பெட்டியை அன்றே துடைத்து வெயிலில் வைத்தாள். நான் அவன் கையைப் பிடித்து, "ஏன் வாசிக்கல்ல?" என்று கேட்டேன்.

"மம்மா சத்தியம் பண்ணிப்போட்டா. நான் என்னத்தச் செய்யிற?" என்றான்.

மழை பிடித்து, வாவி நிரம்பி, படலைவரை தண்ணீர் வந்த பிறகுதான் சுவாமி வந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னார். துரை வேறு ஆளை எடுத்துவிட்டாராம். மம்மா நம்பவில்லை. என் பிள்ளையிடம் என்ன குறை என்று கேட்டாள்.

"குறை இல்லை அம்மா. அவருக்கு வேண்டியது ஆட்டத்துக்கு வாசிக்கிற ஆள். அப்படி ஒருவனை நீர்கொழும்பில் கண்டுபிடித்துவிட்டார்."

மம்மா குசினிப் பக்கம் பார்த்தாள். அடுப்பைத்தான் பார்த்தாள், எனக்குத் தெரியும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப குடிக்க வைக்கத்தான் கூட்டிட்டுப் போகப் பாத்திரிக்கான். போகாதது நல்லதாப் போச்சு" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் சுவாமியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? "உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா" என்று பட்டறைக்கு வந்த ஒருவன் அண்ணனின் முகத்துக்கு நேரேயே சொன்னான். அண்ணன் சிரித்துக்கொண்டு அவனுடைய மண்வெட்டியை அடித்துக் கொடுத்தான். கலியாணங்களுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், மம்மாவின் சத்தியம் இருக்கிறது என்றான். கோயிலில் மட்டும் பூசைக்கு வாசித்தான். தாடையில் வைத்து, வாயை மூடி, காலை அசைக்காமல். இரண்டாம் உலக யுத்தம் வந்தது, ஊருக்குள் பட்டாளக்காரர்கள் வந்தார்கள், பட்டறைக்கு வேலை கூடியது. அண்ணன் அப்போதும் குடிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

யுத்தம் முடிகிற நேரம் எனக்குக் கலியாணம் பேசி வந்தது. என் கலியாணத்துக்குப் பிடில்காரன் யார் என்று கேள்வி வந்தபோது மம்மா எழும்பி, மழையில் குடையும் பிடிக்காமல் கோயிலுக்குப் போனாள். அப்போதிருந்த சுவாமியிடம் அழுது, தன் சத்தியத்தை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நனைந்த கவுணோடு பட்டறைக்குள் போய் நின்றாள்.

"உன்ட தங்கச்சிக்கு வாசி மனே. சத்தியத்த அவுத்துட்டு வந்துட்டன். பப்பா வாசிச்ச மாதிரி வாசி."

அண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்தான். முதிரைப் பலகை ஒன்று தேடி எடுத்து, தட்டையாக, உயரம் குறைவாக, ஒரு குதிரை சீவினான். பப்பாவுடையதைப் போலவே இருந்தது. தாடைக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்தான். சுருதி கூட்டி இழுத்ததும் இரண்டு தந்தியும் சேர்ந்து ஊம்போட்டன. நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

கலியாணப் பின்னேரம், பந்தலின் நடுவில் நானும் மாப்பிள்ளையும் கைகோத்துக்கொண்டு நின்றோம். சுற்றிவர சனம். ரபானாக்காரன் கையைத் தூக்கிவிட்டான். அண்ணன் பிடிலை நெஞ்சில் வைத்தான், வில்லை மேலே பிடித்தான். நான் அவன் குதிக்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது எழும்பியது. பாட்டுத் தொடங்கியது. குதிக்கால் இறங்கவில்லை. தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. கீழே சிரட்டை இருக்கிறதுபோல நின்றது. பிறகு மெதுவாக, சத்தமில்லாமல், பூனைக்கால் வைத்த மாதிரி இறங்கியது.

ரபானாக்காரன் எப்போது அடிப்பது என்று தெரியாமல் முழித்தான். அவன் ஒரு இடத்தில் அடித்தான், நான் ஒரு இடத்தில் கால் வைத்தேன், மாப்பிள்ளை என் கவுணை மிதித்தார். அண்ணன் பல்லைக் கடித்தான். நெற்றியெல்லாம் வியர்வை. "இறங்குடா" என்று காலைப் பார்த்து அவன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அது 'டொம்' என்று விழவே இல்லை. வாய் திறந்து "கிறுகு" என்று கத்தவும் அவனுக்கு வரவில்லை.

பின்னால் யாரோ ஒருவன், "ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணலாம்" என்றான். சனம் சிரித்தது. என்னைச் சொன்னானோ அண்ணனைச் சொன்னானோ, இரண்டு பேருக்கும் சேர்த்தே விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலிருந்து ஒரு கிராமபோன் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பையன் அதை முடுக்கிவிட்டான். உடனே எல்லோரும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். நானும் ஆடினேன்.

அண்ணன் பிடிலைக் கதிரையில் வைத்துவிட்டுப் பந்தலின் பின்பக்கம் போனான். அங்கே சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிடில்காரனின் கிளாஸ் காலியாக இருக்கக்கூடாது அல்லவா, யாரோ அவன் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆட்டத்தில் சுற்றும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்தேன், அவன் மணலில் கவிழ்ப்பான் என்று. கவிழ்க்கவில்லை. மம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் வெறுங் கிளாசை நீட்டினான், திரும்பவும் ஊற்றினார்கள்.

மம்மா அதற்குப் பிறகும் கன காலம் இருந்தாள். அவன் படலையைத் திறக்கும்போது எழும்பிப் போவதை நிறுத்திவிட்டாள். மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை, வாசலிலிருந்தே மணக்கும். பிடில் அலுமாரிக்கு மேலே கிடந்து கறையான் தின்றது. உலை அணைந்தது. பப்பாவுக்கு வீங்கின மாதிரியே அண்ணனுக்கும் வயிறு வீங்கியது, அதே வயதில், அதே கட்டிலில். மம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம்தரமும் அதே நோயைப் பார்த்தாள். பிள்ளையின் குதிக்காலை மடியில் வைத்து, சிரட்டை கீறின பழைய தழும்புகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவள் எதற்குப் பயந்தாளோ, அவ்வளவும் அப்படியே நடந்தது. அதில் பிடில் மட்டும்தான் இல்லை.